வைக்கோல் வண்டியின் வாரிசு

அமெரிக்காவில் கார் ஏற்றுவதற்கென்று செய்யப்படும் திறந்த டிரெய்லரின் அமைப்பு மிக எளியது. இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை பாவிய தளம், அடியில் இரண்டு அச்சுகள், நான்கு சக்கரங்கள், இழுக்கும் வண்டியோடு பூட்டிக்கொள்ள முன்னால் ஒரு கொக்கி. பக்கச் சுவரும் கூரையும் பின்கதவும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட மூடுவண்டிகளை மனத்தில் வைத்து இதைப் பார்க்கக் கூடாது. அவை ஆலைக்கும் விற்பனை நிலையத்துக்கும் இடையே ஓடும் வணிக வண்டிகள். இது ஒரே ஒரு காரை ஏற்றுவது, வீட்டுக்குப் பின்னாலோ கொட்டகை ஓரத்திலோ நிற்பது, சொந்தக்காரர் தம் பிக்கப் வண்டியில் பூட்டித் தாமே இழுத்துப் போவது. ஆண்டில் கார் ஏறும் நாட்கள் சில. மற்ற நாட்களில் அது ஊர்வல ரதமாகிறது, மேடையாகிறது, ஏலச் சாமான் பரப்பும் மேசையாகிறது, தேனீப் பெட்டிகளின் நிரந்தர இருப்பிடமாகிறது, சில சமயம் வீட்டுக்கு அடித்தளமும் ஆகிறது.

இந்த வேலைகளில் பெரும்பாலானவை டிரெய்லருக்கு முன்பே இருந்தவை. அவற்றைச் செய்துவந்தது குதிரை பூட்டிய வைக்கோல் வண்டி. 1915-ஐ ஒட்டி அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து 2.6 கோடி அளவில் இருந்தன. 1960-இல் அந்த எண்ணிக்கை 30 லட்சமாகச் சுருங்கிவிட்டது. இடைப்பட்ட ஒரே தலைமுறையில் பண்ணைகளில் டிராக்டரும் லாரியும் புகுந்தன, பழைய வண்டிகள் கொட்டகையில் கிடந்து மக்கின. வைக்கோல் ஏற்றுவதற்கு மாற்று உடனே கிடைத்தது. ஆனால் அந்த வண்டி ஊருக்குச் செய்துவந்த மற்ற காரியங்களும் இருந்தன. தேவாலயத்து உல்லாசப் பயணத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது, தேர்தல் பேச்சாளரை உயர்த்தி நிறுத்துவது, வீடு மாறும் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமப்பது என்று அது பொதுச் சொத்துப் போலவே புழங்கிவந்தது. அந்த இடத்தைத்தான் காலப்போக்கில் கார் டிரெய்லர் பிடித்தது.

பழைய வண்டிகள் எந்த அளவுக்குப் பிற வேலைகளுக்குப் பழகியிருந்தன என்பதற்கு நியூ ஆர்லியன்ஸ் நகரம் நல்ல சான்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடன நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் சேர்க்க, இசைக்குழுவினர் மரச்சாமான் ஏற்றும் வண்டியை வாடகைக்குப் பிடித்துத் தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு போனார்கள். டிராம்போன் என்னும் ஊதுகருவியின் குழாயை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் வாசிக்க வேண்டும். வண்டிக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்தால் முன்னிருப்பவர் முதுகில் இடிக்கும். அதனால் அந்தக் கலைஞரை வண்டியின் கடைக்கோடியில், பின்பலகையை இறக்கிவிட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார வைத்தார்கள். குழாய் தாராளமாக வெளியே நீண்டது. கிட் ஓரி உள்ளிட்ட அந்நகரக் கலைஞர்களின் வாசிப்புப் பாணிக்கு வண்டியின் பின்பலகையே பெயராக நிலைத்துவிட்டது. இரண்டு குழுக்களின் வண்டிகள் தெருமுனையில் எதிர்ப்பட்டால் சக்கரத்தோடு சக்கரத்தைக் கட்டிவிடுவதும் உண்டு. ஒரு குழு தோற்றது என்று கூட்டம் முடிவு செய்யும்வரை யாரும் நழுவ முடியாது.

காரைச் சுமக்கும் டிரெய்லரின் தொடக்கம் கிளீவ்லாந்து நகரில். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறி சைக்கிள் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் விண்டன் 1897-இல் கார் நிறுவனம் தொடங்கி, மறு ஆண்டே இருபதுக்குச் சற்று அதிகமான கார்களை விற்றார். வாங்கியவர்களில் வெளியூர்க்காரர்களும் இருந்தார்கள். அன்றைய கரடுமுரடான மண்சாலையில் ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தால் கார் போய்ச் சேரும்போதே பழையதாகிவிடும். விண்டன் தம் கார் ஒன்றைக் குறுக்கி இழுவை வண்டியாக்கினார். இரண்டு சக்கரமுள்ள தட்டை வண்டி ஒன்றின் முன்பக்கத்தை அதன் முதுகில் தாங்கவைத்து, அந்தத் தட்டில் விற்ற காரை ஏற்றி அனுப்பினார். காரைக் காரே சுமந்த அந்த ஏற்பாடு 1899 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது.

டெட்ராய்ட் நகரக் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃபின் அனுபவம் இன்னும் சுவையானது. 1914-இல் ஃபிரெடரிக் சிப்லி என்ற மர வியாபாரி அவரிடம் வந்தார். தம் படகை மிச்சிகனின் வடபகுதிக்குக் கொண்டுபோக வேண்டும், ஃபோர்டு மாடல் டி காரில் பூட்டி இழுக்க ஒரு வண்டி செய்து தர வேண்டும் என்று கேட்டார். ஃப்ரூஹாஃப் செய்து கொடுத்தார், படகும் போய்ச் சேர்ந்தது. அதே வண்டி மரவாடியில் பலகை ஏற்றவும் உதவும் என்று சிப்லிக்குப் பட்டது. அதற்காக மேலும் சில வண்டிகளைச் செய்யச் சொன்னார். 1918-இல் ஃப்ரூஹாஃப் டிரெய்லர் நிறுவனம் முறைப்படி பதிவானது, பின்னாளில் அந்நாட்டின் பெரிய டிரெய்லர் உற்பத்தியாளர்களில் ஒன்றாகவும் வளர்ந்தது. படகுக்கென்று பிறந்த பொருள் பலகை சுமந்துதான் பெயரெடுத்தது என்பது இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி. எதற்காகச் செய்தோம் என்பதைவிட, சும்மா நிற்கும்போது என்ன செய்யலாம் என்ற கேள்விதான் டிரெய்லரை ஆரம்பத்திலிருந்தே வளர்த்திருக்கிறது.

தனியாட்கள் கார் டிரெய்லர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்பே பரவியது. 1945-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய யூ-ஹால் நிறுவனம், டிரெய்லரை வாடகைக்கு எடுத்துத் தாமே இழுத்துச் செல்லலாம் என்பதைச் சாதாரணக் குடும்பங்களுக்குப் பழக்கியது. இன்னொரு பக்கம், படையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் பழைய கார்களைக் கழற்றி மாற்றிப் பந்தயம் விட்டார்கள். அந்தப் பந்தயத்துக்கான தேசிய அமைப்பு 1951-இல் உருவாயிற்று. முதல் தேசியப் போட்டி 1955-இல் கான்சாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்ட் ஊரில் நடந்தது. பந்தயத்துக்காகத் திருத்திய காரைப் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. முதலில் இரும்புக் கழி கட்டி இழுத்தார்கள், பிறகு டிரெய்லரில் ஏற்றினார்கள். 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் 66,000 கிலோமீட்டர் அளவுக்கு விரைவுச்சாலை போட வழி செய்ததும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துப் போவது வாரக்கடைசிப் பழக்கமாகிவிட்டது. காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் தாங்களே பற்றவைத்துக்கொண்டார்கள். ஆலையில் கட்டி இழுத்து வரப்படும் மொபைல் ஹோம் வீடுகளை இடத்தில் இறக்கிய பிறகு அவற்றின் அச்சுகளைக் கழற்றி மலிவாக விற்பார்கள். வீட்டில் செய்த டிரெய்லர்கள் பலவற்றின் அடியில் இருப்பவை அந்த அச்சுகளே.

டிரெய்லரைக் கிட்ட நின்று பார்த்தால் அதன் பல தொழில்களுக்கும் காரணம் தெரியும். வழக்கமான ஒன்றின் தளம் 16 முதல் 20 அடி நீளம். மட்கார்டுகளுக்கு இடையே ஏழடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும் இரண்டு அச்சுகள் இருப்பதால், டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 7,000 பவுண்டு வரை, அதாவது சுமார் 3,175 கிலோ வரை இருக்கலாம். கார் தன் சக்கரத்தாலேயே ஏற வேண்டியிருப்பதால் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் தாழ்வாக அமைகிறது. அதே காரணத்தால் பின்முனை சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். ஏற்றுவதற்கான இரண்டு இரும்புச் சரிவுகள் தளத்துக்கு அடியிலேயே செருகிக் கிடக்கும். கார்க் கதவைத் திறக்க வேண்டும் என்பதால் பக்கச் சுவர் வைப்பதில்லை. ஆக, காருக்காகச் செய்த இத்தனை ஏற்பாடும் சேர்ந்து, பாட்டியும் பேரனும் சிரமமில்லாமல் ஏறக்கூடிய ஒரு திண்ணையை உண்டாக்கிவிட்டன. சாதாரண லாரியின் தளம் நான்கடி உயரத்தில் இருக்கும். அதில் ஏற ஏணி வேண்டும்.

இன்னொரு சிறு உறுப்பும் முக்கியமானது. தளத்தின் இரு பக்கச் சட்டத்திலும் வரிசையாகச் சின்ன இரும்புக் கூடுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். கயிறோ பட்டையோ கட்டவும், தேவைப்பட்டால் முளைக்கம்பு நடவும் அவை உதவும். மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண வீடுகட்டும் சட்டம் அவற்றில் பல கூடுகளுக்குள் செருகக்கூடியது. நான்கு சட்டங்களை நட்டால் பந்தக்கால், குறுக்கே இரண்டை ஆணியடித்தால் கைப்பிடி, மேலே துணி போட்டால் கூரை. மாலையில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் டிரெய்லர் பழையபடி டிரெய்லராகிவிடும்.

ஊர்வல ரதம் கட்டும் வழக்கம் இந்தக் கூடுகளை நம்பியே வாழ்கிறது. பாசடீனா நகரில் 1890 புத்தாண்டு நாளில் தொடங்கிய ரோஜா ஊர்வலத்தில் பூச்சூடிய குதிரை வண்டிகள் வந்தன. இன்று அங்கே வருபவை பெரும் செலவில் கட்டும் தனி இயந்திர வண்டிகள். சிற்றூர்களின் வழி வேறு. ஜூலை 4 சுதந்திர நாளிலும், பழைய மாணவர் திரும்பும் இலையுதிர்கால விழாவிலும் அங்கே ஓடுவது யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கிய டிரெய்லர். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய அந்த மாணவர் விழா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இறங்கி வந்தது. ரதம் கட்டும் முறை பெரும்பாலும் ஒன்றே. மரச்சட்டத்தில் உருவத்தைக் கட்டி, மேலே கோழிக்கூண்டுக்குப் போடும் அறுகோணக் கம்பிவலையைப் போர்த்துவார்கள். வண்ண மென்தாளைச் சிறு சதுரங்களாக வெட்டி, நடுவில் விரல் வைத்துக் குவித்து, வலையின் ஒவ்வொரு கண்ணிலும் திணிப்பார்கள். ஒரு ரதத்துக்கு ஆயிரக்கணக்கான கண்கள். மாணவர்கள் பல இரவுகள் கூடி உட்கார்ந்து திணித்தால்தான் முடியும். சக்கரம் தெரியாதபடி சுற்றிலும் தொங்கல் கட்டியதும் தளம் தரையில் மிதந்து போவதுபோல் தோன்றும்.

நியூ ஆர்லியன்ஸின் மார்டி கிரா திருவிழா இதையே நகர அளவில் செய்தது. அங்கே பெரிய ஊர்வலங்கள் வசதி படைத்த சங்கங்களின் கையில் இருந்தன. சாதாரணக் குடும்பங்கள் லாரிகளில் ஏறித் தாங்களும் வலம் வரத் தொடங்கின. 1935-இல் எல்க்ஸ் ஆர்லியனியன்ஸ் என்ற அணி அந்த லாரிகளை ஒழுங்குபடுத்தி, ரெக்ஸ் என்ற சங்கத்தின் ஊர்வலத்துக்குப் பின்னால் வரும் தனி ஊர்வலமாக்கியது. உறவினரும் நண்பரும் கூடித் தட்டை டிரெய்லர் ஒன்றை எடுத்து, மேடைபோல் அடுக்குக் கட்டி, ஒரே மாதிரி உடையுடுத்தி, வழியெங்கும் பாசிமணி வீசிக்கொண்டு போவது அதன் முறை. தலைமுறைகளாக ஒரே குடும்பம் வண்டி எடுப்பதும் உண்டு. திருவிழாவைப் பார்க்கும் நிலையிலிருந்தவர்கள் நடத்துபவர்களாக மாறினார்கள், அதற்கு வேண்டியிருந்தது ஒரு தட்டை வண்டிதான். இதைவிடப் பெரிய சேவையை அந்த வண்டி வேறெங்கும் செய்ததாகச் சொல்ல முடியாது, கலிஃபோர்னியத் திராட்சைத் தோட்டங்களைத் தவிர.

1965 செப்டம்பரில் டெலானோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்க, செசார் சாவெஸ் தலைமையில் மெக்சிகோ வம்சாவளியினரும் சேர்ந்தார்கள். அந்த ஆண்டே லூயிஸ் வால்டெஸ் என்ற இளைஞர் அங்கு வந்து, தொழிலாளர்களையே நடிகர்களாகக் கொண்டு எல் தியேட்ரோ காம்பெசினோ என்ற நாடகக் குழுவை அமைத்தார். அரங்கம் இல்லை, திரை இல்லை, எழுதிய வசனமும் பெரும்பாலும் இல்லை. தோட்ட எல்லையில் ஒரு தட்டை லாரியை நிறுத்தி, அதன் தளத்தில் ஏறி நடித்தார்கள். யார் முதலாளி, யார் வேலைநிறுத்தக்காரர், யார் கருங்காலி என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். வேலையை விடாமல் உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்க வேண்டும், பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு உயரமும் வேண்டும், காவலர் விரட்டினால் உடனே நகரவும் வேண்டும். இரண்டையும் தந்தது வண்டித் தளம். 1966 வசந்தத்தில் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவுக்கு நடந்த நீண்ட பயணத்திலும் மாலைதோறும் தங்கிய ஊர்களில் அந்தக் குழு நடித்தது. வால்டெஸ் பின்னாளில் அமெரிக்க நாடகத்திலும் திரைப்படத்திலும் பெயர்பெற்ற எழுத்தாளராக உயர்ந்தார்.

மனிதரை ஏற்றும் இந்தப் பயன்களில் ஆபத்தும் உண்டு. கார் டிரெய்லர் காருக்காகக் கணக்கிடப்பட்டது. முன்பக்கம் என்ஜின் உள்ள கார் ஏறும்போது எடை இயல்பாகவே முன்னால் விழும். கொக்கியின்மேல் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அழுந்த வேண்டும் என்பது விதி. பின்பாரம் கூடினால் வேகமெடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமும் அலையத் தொடங்கி இழுக்கும் வண்டியையும் புரட்டிவிடும். வைக்கோல், அடுப்பு, ஆட்கள் என்று ஏற்றும்போது இந்தக் கணக்கை ஏற்றுபவர்தான் பார்க்க வேண்டும். ஊர்வல வேகத்தில் அலைச்சல் வராது, ஆனால் வேறு ஆபத்து வரும். 2012 நவம்பர் 15-இல் டெக்சாஸின் மிட்லாண்ட் நகரில் முன்னாள் படைவீரர்களைக் கௌரவிக்கும் ஊர்வலத்தில், வீரர்களும் மனைவியரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெரிய தட்டை டிரெய்லர் ஒன்று ரயில் கடவையைக் கடக்கும்போது சரக்கு ரயில் மோதியது. படைவீரர்கள் 4 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். கடவை வழியாக ஊர்வலம் விடுவதன் ஆபத்தை ஏற்பாட்டாளரும் நகர நிர்வாகமும் முன்கூட்டிக் கண்டு தடுக்கவில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணையில் முடிவு செய்தது. ரதத்தில் இருப்பவர்கள் சட்டென்று இறங்கி ஓட முடியாதவர்கள் என்பதை ஊர்வலம் நடத்துபவர்கள் முதலில் நினைக்க வேண்டும்.

ஆளைவிடச் சாமான் ஏறும் இடங்களில் கவலை குறைவு. அயோவா, ஒஹாயோ போன்ற மாநிலங்களில் ஒரு பண்ணையை மூடும்போது வீட்டுச் சாமான், கருவி எல்லாவற்றையும் வெளியில் வைத்து ஏலம் விடுவது நெடுநாள் வழக்கம். அக்கம்பக்கத்திலிருந்து தட்டை வண்டிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். ஒரு வண்டியில் சுத்தியல், திருகுச்சாவி, ஆணிப் பெட்டி, அடுத்ததில் பீங்கான் தட்டு, சமையல் பாத்திரம். ஏலக்காரர் வண்டிக்கு வண்டி நகர்ந்து விலை கூவ, கூட்டமும் கூடவே நகரும். இடுப்புயரத்துக்குச் சற்றுத் தாழ்ந்த தளம் பொருளை எடுத்துப் பார்க்க வாகாக இருக்கும், மழை வந்தால் தார்ப்பாய் போர்த்தினால் போதும்.

தீ பிடித்தாலும் டிரெய்லர்கள் புறப்படும். 2017 மார்ச்சில் கான்சாஸ், ஓக்லஹோமா எல்லையில் பரவிய ஸ்டார்பக் காட்டுத்தீ 6 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. மேய்ச்சல் நிலமும் வேலியும் வைக்கோல் போரும் சாம்பலாகி, பிழைத்த மாடுகளுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. மிச்சிகன், ஒஹாயோ போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்து விவசாயிகள் வைக்கோல் உருளைகளை ஏற்றிக்கொண்டு அணியணியாக ஆஷ்லாண்ட் ஊருக்கு வந்தார்கள். பழைய குதிரை வண்டியின் வைக்கோல் சுமைதான் இது. ஆனால் அந்த வண்டி பக்கத்து வயல் வரைதான் போகும். பிரேக்கும் வில்லும் ரப்பர்ச் சக்கரமும் உள்ள டிரெய்லர், நெடுஞ்சாலை வேகத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் உதவியைக் கொண்டு சேர்த்தது.

சில டிரெய்லர்கள் மேலே ஏறியதை இறக்குவதே இல்லை. தெற்கு மாநிலங்களில் பழைய எரிவாயுத் தொட்டியை அறுத்துச் செய்த இறைச்சி வாட்டும் அடுப்பு அப்படி நிலையாக ஏறிக்கொண்ட ஒன்று. மெம்ஃபிஸ் நகரில் 1978-இல் தொடங்கிய உலகப் போட்டி போன்றவை அதை ஊர் ஊராகச் சுற்ற வைத்தன. தேனீ வளர்ப்பவர்களின் டிரெய்லரும் அத்தகையதே. யூட்டா மாநிலத்து நெஃபி மில்லர் 1907 குளிர்காலத்தில் தேனீப் பெட்டிகளை ரயிலேற்றிக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனதிலிருந்து, பூக்கும் இடம் தேடித் தேனீயோடு பயணம் போகும் தொழில் அங்கே வளர்ந்தது. இன்று பிப்ரவரியில் கலிஃபோர்னிய வாதுமைத் தோட்டங்கள் பூக்கும்போது மகரந்தம் சேர்க்க ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு பெட்டிகள் வேண்டும். பெரிய தொழில்முறையாளர்கள் லாரியும் ஃபோர்க்லிஃப்டும் வைத்திருக்கிறார்கள். சில பத்துப் பெட்டிகள் மட்டும் வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. தேன் நிறைந்த பெட்டியைத் தனியாளாகத் தூக்கி இறக்குவதோ இடுப்பொடிக்கும் வேலை. அதனால் பெட்டிகளை டிரெய்லரின் இரு ஓரமும் வாசல் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்து, பட்டை போட்டு இறுக்கி, நடுவில் தாம் நடக்க வழி விட்டுக்கொள்கிறார். பொழுது சாய்ந்து தேனீக்கள் கூடடைந்ததும் வாசலுக்கு வலை அடைத்து, பிக்கப்பைப் பூட்டி, விடிவதற்குள் அடுத்த தோட்டத்தில் நிறுத்திவிடுகிறார். தாழ்வான தளம் என்பதால் தரையில் நின்றபடியே பெட்டியைத் திறந்து அடையைப் பார்க்கலாம்.

நிலையாக ஏறியவற்றில் மிகப் பெரியது வீடு. 1999 வாக்கில் அயோவாவில் ஜே ஷேஃபர் என்பவர் 100 சதுர அடிக்கும் குறைவான வீடு ஒன்றைக் கட்ட விரும்பினார். குடியிருப்புக்குக் குறைந்தபட்சப் பரப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்ற கட்டட விதி குறுக்கே நின்றது. டிரெய்லரின்மேல் கட்டினால் அது வீட்டுக் கணக்கில் வராமல் வண்டிச் சுமையாகிவிடும் என்று கண்டு அப்படியே கட்டினார். அதைப் பார்த்துப் பலர் கட்டத் தொடங்க, சிறுவீட்டு இயக்கம் ஒன்று பிறந்தது. அந்த வீடுகளின் வடிவத்தைத் தீர்மானித்தது கட்டடக் கலையைவிடச் சாலை விதியே. 1982-இல் கூட்டரசுச் சட்டம் தேசிய நெடுஞ்சாலைகளில் வண்டியின் அகல வரம்பை எட்டரை அடியாக்கியது. உயரத்துக்குப் பெரும்பாலான மாநிலங்கள் வைத்திருக்கும் வரம்பு பதின்மூன்றரை அடி அல்லது அதற்குச் சற்று மேல். அதற்குள் அடங்க வேண்டியிருப்பதால் படுக்கை பரணுக்கு ஏறியது, மாடிப்படி அலமாரியோடு சேர்ந்தது. 2018-ஆம் ஆண்டின் மாதிரிக் கட்டட விதித்தொகுப்பு 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கெனத் தனிப் பின்னிணைப்பு சேர்த்து, தாழ்ந்த கூரைக்கும் பரணுக்கும் ஏணிக்கும் இடம் கொடுத்தது. ஆனால் அது தரையில் அடித்தளம் போட்ட வீடுகளை நினைத்து எழுதப்பட்டது. டிரெய்லரிலேயே நிற்கும் வீடு பல மாநிலங்களில் இன்றும் எண்பலகை மாட்டி வண்டியாகவே பதிவாகிறது.